குடியும் ஆட்சியும்: மட்டக்களப்புக் கரையில் அரசின் வடிவங்கள்

தமிழிலே ‘குடி’ என்பது பலபொருள் தரும் ஒரு சொல். மக்கள் கூடி வாழும் ஊர் குடி எனப்படும். ஒரு தாய்வழி வந்தோர் கூட்டமும் குடியே. வேந்தனுக்கு அடங்கி வாழ்வோர் குடிகள். அவர் தம்மைத் தாமே ஆளப் புகுங்கால் அவ்வாட்சி குடியாட்சி. மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில், மேற்கே வாவியும் கிழக்கே கடலும் நெருக்க, இடைப்பட்ட மணற்பாங்கிலே அமைந்த காத்தான்குடி, இச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கின்றது. காத்தான் என்னும் வேடன் ஒருவன் முதலிற் குடியிருந்தமையால் இப்பெயர் வந்ததென்பர் அவ்வூரார். இன்று அது முற்றிலும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். நெசவுக்கும் வாணிகத்துக்கும் பேர்போனது. இலங்கையில் மிக நெருக்கமாக மக்கள் வதியும் இடங்களுள் ஒன்று. அதன் வடக்கும் தெற்கும் இந்துக்களும் கிறித்தவர்களும் வாழும் தமிழ் ஊர்கள். அரசு என்பது யாது, அது எவ்வெவ் வடிவங்களை மேற்கொள்ளும் என்னும் பழைய வினாவை நூல்களின் துணையோடு மட்டுமே ஆராய்வோர் பலர். அவ்வினாவை இச்சிறு நிலப்பகுதியில் வைத்து ஆராயின் நூல்கள் எளிதிற் காட்டாத சில உண்மைகள் புலப்படும்.

கிரேக்க அறிஞர் அரித்தோட்டில் ஆட்சியை வகுத்த முறை யாவரும் அறிந்ததே. ஒருவர் ஆள்வது, சிலர் ஆள்வது, பலர் ஆள்வது என எண்ணிக்கையால் மூன்றாகவும், ஆள்வோர் பொதுநலம் கருதுகின்றனரா தந்நலம் கருதுகின்றனரா என்பதனால் ஒவ்வொன்றையும் இரண்டாகவும் பகுத்து, ஆட்சி அறுவகைத்து என்றார் அவர். திருவள்ளுவர் வேறொரு வழியிற் சென்றார். அரசனுக்கு உரிய உறுப்புகள் ஆறென எண்ணி, படை, அமைச்சு, அரண் முதலியவற்றோடு குடியையும் ஒன்றாக வைத்தார். குடி என்பது அரசின் கீழ்க்கிடக்கும் பொருளன்று, அரசின் உடம்பிலேயே ஓர் உறுப்பு என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். ஆயினும் இவ்விரு பகுப்புகளும் ஒரு நாட்டில் ஒரு காலத்தில் ஓர் ஆட்சியே உண்டு என்று எண்ணும் எண்ணத்தைக் கற்போரிடம் விட்டுச் செல்லக்கூடும். மட்டக்களப்புக் கரையின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடந்தருவதாயில்லை. இங்கே மேலே முடியாட்சியும், நடுவே தலைவர் ஆட்சியும், கீழே குடிகளின் கூட்டாட்சியும் ஒரே காலத்தில், ஒரே மனிதன் மீது நடந்தன. ஆதலால் ஆள்வோர் எத்தனை பேர் என்று எண்ணுவதிலும், ஆள்வோன் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டான் என்று வினவுவதே இங்குப் பயன் தரும்.

1962-இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இப்பகுதியின் பழைய ஆட்சி பற்றிய மரபுகளைத் தொகுத்துத் தருகின்றது. கலிங்கத் தொடர்புடைய உலகநாச்சி என்னும் அரசகுலப் பெண்ணே மண்முனையை ஆண்டாள் என்பது அம்மரபுகளுள் ஒன்று. அந்நூலை வரலாறென்று முழுதும் கொள்ளவும் இயலாது, கதையென்று முழுதும் தள்ளவும் இயலாது. காலக் கணக்குகள் அதில் முரண்படுகின்றன. ஆயினும் யார் யாருக்கு எந்த உரிமை, எந்தக் குடிக்கு எந்த வரிசை என்னும் செய்திகளிலே அந்நூல் காட்டும் கருத்தூன்றல் ஒரு பெரிய சான்று. ஆட்சி என்பதை இக்கரையின் மக்கள் எவ்வாறு உணர்ந்திருந்தனர் என்பதனை அது காட்டுகின்றது. அவர்களுக்கு ஆட்சி என்பது முதன்மையாக உரிமைகளின் பங்கீடு.

ஐரோப்பியர் குறிப்புகள் நம்மை உறுதியான நிலத்துக்குக் கொண்டுவருகின்றன. ஒல்லாந்தக் கடற்றலைவர் ஸ்பில்பேர்கன் 1602 மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டார். அவருடைய பயணக் குறிப்பேடு இவ்விடத்துத் தலைவனை அரசன் என்றே அழைக்கின்றது. அவ்வரசனோ கண்டி மன்னன் விமலதர்மசூரியனுக்கு அடங்கியவன்; போர்த்துக்கேயரின் வலிமையையும் அஞ்சியவன். ஒல்லாந்தர் எதனைக் கேட்பினும் கண்டிக்குச் சென்று கேட்கவேண்டியிருந்தது, ஸ்பில்பேர்கனும் சென்றார். உள்ளூரில் அரசன், மலைநாட்டுக்குச் சிற்றரசன், கடலோடிக்குப் பணிந்து நிற்கும் துறைத்தலைவன் என ஒருவனே மூன்று நிலையில் நின்றான். வன்னியனார், வன்னிபம் என்னும் பெயர்களுடன் பின்னாளிலும் விளங்கிய தலைவர்களின் நிலை இதுவே. போடிமார் எனப்பட்ட பெருநிலக்காரர் அவர்களுக்கு அடுத்த படியில் நின்றனர்.

முடியாட்சிக்கு ஒரு நியாயம் உண்டெனில் அது புகலடைந்தாரைக் காத்தல். இக்கரையில் அந்நியாயம் நடைமுறையில் நிகழ்ந்தது. 1626-இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றான். அவர்களுள் 4,000 பேரளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றப்பட்டதாகப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார். அவர்களுக்கு முன்பே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். திமிலருக்கும் முக்குவருக்கும் நிகழ்ந்த பூசலில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்று வென்றனர் என்றும், அதன் பயனாகப் பெண்ணும் நிலமும் பெற்றனர் என்றும் வழங்கும் கதையை இன்றும் இரு சமயத்தாரும் சொல்வர். கதையின் நுணுக்கம் எவ்வாறாயினும், ஒன்றாய்ப் போர் செய்தோம், கொண்டுகொடுத்தோம் என்னும் நினைவை இரு சாராரும் வைத்திருந்தமை ஆட்சியின் அடித்தளத்தை விளக்கும் செய்தியாகும்.

அந்த அடித்தளமே குடி முறை. மட்டக்களப்புப் பகுதியில் குடி என்பது தாய்வழிக் குழு. மகன் தந்தையின் குடியைச் சேரான்; தாயின் குடியையே சேர்வான். காலிங்காகுடி, பணிக்கனாகுடி, உலகிப்போடிகுடி என இந்துக்களிடையே வழங்குவன போன்று கிழக்குக் கரை முஸ்லிம்களிடையும் குடிகள் உண்டு. இக்குடிகள் மண உறவை வகுப்பதற்கு மட்டும் ஏற்பட்டனவல்ல. ஊரின் பொதுக்காரியம் இவற்றின் வழியே நடந்தது. இந்துக் கோயிலிலே குடிதோறும் வண்ணக்கர் ஒருவர் இருந்து, கோயிலின் வருவாய் செலவைப் பார்த்து, திருவிழா நாட்களைக் குடிகளுக்குப் பகிர்ந்து, வழக்குகளைத் தீர்த்தார். முஸ்லிம் ஊர்ப் பள்ளிவாசலிலே அதே இடத்தில் மரைக்காயர் இருந்தார். குடிக்கு ஒரு மரைக்காயர். அவர் தம் குடியாரிடம் பள்ளிக்குரிய பங்கைச் சேர்ப்பார். குடிக்குள் எழும் பிணக்கை முதலிற் கேட்பார். தீராதவிடத்து மரைக்காயர்கள் கூடித் தீர்ப்பர். தொழும் முறையிலே வேறுபட்ட இரு சமூகத்தார் தம் தொழுகையிடத்தை ஆளும் முறையிலே இத்துணை ஒத்திருத்தல் வியப்புக்குரியது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயில் போன்ற தேசத்துக் கோயில்களின் திருவிழா ஒழுங்கைக் கண்டறிந்த ஒருவர், கிழக்குக் கரைப் பள்ளிவாசல் ஒன்றின் பழைய நிருவாகத்தை எளிதில் விளங்கிக்கொள்வார்.

இம்முறையை அரித்தோட்டிலின் பகுப்பில் எங்கே வைப்பது? மன்னராட்சி என்பதற்கு இடமில்லை. குடிக்கு ஒருவராகப் பலர் கூடுகின்றனர். அவர் பதவி சில இடங்களில் மாமனுக்குப் பின் மருமகன் என வழிவழி வந்தது. சில இடங்களிற் குடிப்பெரியோரின் தெரிவால் வந்தது. ஆகவே அது முழுக் குடியாட்சியும் ஆகாது. பிரதிநிதித்துவம் என்பது மேனாட்டார் கொணர்ந்த பொருள் என்று கருதுவோர் இங்கே சற்று நின்று சிந்தித்தல் தகும். சோழநாட்டில் இதற்கு முந்திய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 921-ஐ ஒட்டிய காலத்தில், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே சபையின் வாரியத்துக்கு ஆட்களைத் தெரிந்த முறையை விரிவாகக் கூறுகின்றன. வயது, நிலம், கல்வி என்னும் தகுதிகளை வகுத்த அச்சபையார், முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது சென்றவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவுக்கு உரியரல்லர் என விலக்கினர். தமிழ் உள்ளூராட்சியின் சிறப்பைக் குடவோலையில் வைத்துப் பேசுவதே வழக்கம். அவ்வோலையினும் கணக்கைப் பற்றிய அவ்விலக்கே மேலானதெனல் பொருந்தும்.

குடி முறையைப் புகழ்வோர் அதன் குறைகளை மறைத்தல் முறையன்று. கோயிலுக்குத் தொண்டூழியம் செய்த குலத்தாருக்கு அங்கே கடமைகள் குறிக்கப்பட்டன, சொல்லுரிமை குறிக்கப்படவில்லை. பெண்களின் நிலை இன்னும் விந்தையானது. குடி பெண்வழி வந்தது; வீடு மகளுக்குச் சீதனமாய்ச் சென்றது; மணமகன் மனைவியின் வீட்டுக்கே வந்தான். ஆயினும் வண்ணக்கர் இருக்கையிலோ மரைக்காயர் இருக்கையிலோ அவள் அமரவில்லை. அவளுடைய அண்ணனோ மாமனோ அமர்ந்தான். உலகநாச்சி மண்முனையை ஆண்ட கதையைப் பாடிய நாட்டிலே, கோயிற் கணக்கைப் பெண் ஒருத்தி பார்ப்பதற்கு இடமிருக்கவில்லை.

வயல் நிலத்திலே வேறோர் ஆட்சி நடந்தது. காத்தான்குடியும் அதன் அயலூர்களும் எழுவான்கரையில் உள்ளன. நெல்வயல்களோ பெரும்பாலும் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். நீர் எந்நாளில் திறப்பது, விதைப்பு எந்நாளில் தொடங்குவது, வேலி யார் அடைப்பது, மாடு எதுவரை வயலில் நிற்கலாம் என்பவற்றை வட்டை விதானை ஒழுங்கு செய்தார். இவ்வூர் வழக்கங்கள் பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் தளர்ந்தன. தளர்ந்தபின்னரே அவற்றின் அருமை அரசாங்கத்துக்குத் தெரிந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856-இன் 9-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாய்ச்சல் பற்றிய பழைய வழக்கங்களைப் பயிர்செய்வோரின் சம்மதத்துடன் மீண்டும் நடைமுறைக்குக் கொணர வழிசெய்தது. பேரரசொன்று தான் இயற்றிய சட்டத்தால் ஆளமுடியாத ஒன்றை, உழவரின் வழக்கத்தைக் கொண்டு ஆள முற்பட்டதென இதனைக் கொள்ளலாம். பின்னர் 1958-இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தி அவ்வதிகாரத்தை உழவரின் தெரிவுக்கு உட்படுத்த முயன்றது. நீரின் முன்னே இந்துவும் முஸ்லிமும் ஒரே வாய்க்காற்காரர். இரவில் மடையை யார் திறந்தார் என்னும் வழக்கில் இரு சமயத்தாரும் ஒரே விதானையின் முன் நின்றனர்.

இனி, மேலே நடந்த மாற்றங்களை நோக்குவோம். 1628-இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தக் கடற்றலைவர் வெஸ்டர்வோல்டும் சேர்ந்து அதனைக் கைப்பற்றினர். அவ்வெற்றியின்பின் மட்டக்களப்பிலேயே இருவரிடையும் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது மன்னன் விரும்பினால் மட்டுமா, அன்றி எவ்வாற்றானுமா என்பதே பின்னர் எழுந்த வழக்கு. உடன்படிக்கையின் படிகள் இவ்விடத்தில் ஒத்திருக்கவில்லை. ஒரு தொடர் இருப்பதும் இல்லாததும் ஒரு நாட்டின் இறைமையைத் தீர்மானித்தது. 1668-இல் ஒல்லாந்தர் மட்டக்களப்பை மீண்டும் தம் கையகப்படுத்தினர். 1766-இன் உடன்படிக்கையால் கண்டி மன்னன் கடற்கரை முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

ஒல்லாந்தர் ஆட்சி என்று நாம் எளிதாகச் சொல்கின்றோம். உண்மையில் ஆண்டது ஒல்லாந்து நாடன்று; ஒரு வாணிகக் கும்பனி. பதினேழு இயக்குநர் கொண்ட சபை ஒன்று ஐரோப்பாவிலிருந்து இலாப நட்டக் கணக்கை நோக்கிக்கொண்டு கீழைக் கடலின் கரைகளை ஆண்டது. அரித்தோட்டில் கனவிலும் காணாத வடிவம் இது. மட்டக்களப்பிலிருந்த கும்பனித் தலைவர் யாக்கோப் பேர்னான்ட் 1794-இல் தமக்குப் பின் வந்தவருக்கு எழுதிவைத்த நினைவுக் குறிப்பு, இப்பகுதியின் நெற்செய்கையையும் வரியையும் தலைவர்களின் அதிகாரத்தையும் பற்றிய அரிய சான்று. திறமையும் நிலத்தைப் பற்றிய அறிவும் அவருக்கு இருந்தன. அவர் கணக்குக் காட்டியது கொழும்பிலிருந்த தம் மேலதிகாரிகளுக்கு. அந்நெல்லை விளைவித்த குடிகளுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்து எவருக்கும் எழுந்திராது.

1796 முதல் பிரித்தானியர். அவர்களும் முதலில் கும்பனியாகவே, சென்னையிலிருந்து ஆண்டனர். 1802-இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. கோல்புறூக் விசாரணையின் பயனாக 1833-இல் தீவு ஐந்து மாகாணங்களாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று கிழக்கு மாகாணம். அரசாங்க அதிபரின் கச்சேரி நெடுங்காலம் அந்தப் பழைய கோட்டையின் மதில்களுக்குள்ளேயே இருந்தது. வரி, நிலம், வீதி, நீதி, பஞ்ச நிவாரணம் அனைத்தும் ஒரு கையொப்பத்தில் அடங்கின. வன்னியனார் பட்டம் தொடர்ந்தது. ஆயினும் அவர் இப்போது அரசாங்கத்தால் நியமனம் பெறும் உத்தியோகத்தர். குடியின் தலைவனாக இருந்தவன் கச்சேரியின் கீழ்த்தலைவன் ஆனமையே இக்காலத்து மாற்றங்களுள் ஆழமானது. வெளித்தோற்றத்தில் தலைப்பாகையும் வரிசையும் மாறவில்லை. அவன் முகம் திரும்பியிருந்த திசை மட்டும் மாறிற்று.

சட்டத்தின் வலிமைக்கும் அதன் எல்லைக்கும் 1876 சிறந்த சான்று தருகின்றது. அவ்வாண்டில் கிறிஸ்தோபர் பிரிட்டோ முக்குவர் சட்டம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். முதுசச் சொத்து தாய்வழியே, மருமக்களுக்குச் செல்லும் அம்முறையை அவர் எழுத்தில் வைத்தார். அதே ஆண்டின் 15-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, மண உரிமைக்கும் உரிமையேற்புக்கும் பொதுவிதி வகுத்து அச்சட்டத்தை வழக்கொழியச் செய்தது. ஏட்டில் ஏறிய ஆண்டிலேயே ஒரு சட்டம் இறந்தது. ஆயினும், மகளுக்கு வீடு என்னும் வழக்கத்தைக் கொழும்பின் சட்டம் தொடவில்லை. தமிழ் ஊர்களிலும் காத்தான்குடியிலும் பெண் பிறந்த வீட்டார் அவளுக்கொரு வீடு கட்டுவதற்காக வாழ்நாள் முழுவதும் உழைப்பது இன்றும் கண்கூடு. நிலம் குறுகிய ஊரிலே அது எத்துணைப் பாரம் என்பதை அங்குள்ள தந்தையரே அறிவர். முஸ்லிம்களின் மண வழக்குகளுக்குத் தனிச்சட்டமும் காதி நீதிமன்றமும் உண்டு. 1951-இன் சட்டம் அதனை வகுத்தது. பள்ளிவாசற் சொத்துக்களின் பொறுப்பாளரை 1956-இன் வக்பு சட்டம் அரசாங்கப் பதிவுக்குள் கொணர்ந்தது. கோயிற் பிணக்குகள் 1917-இன் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றம் ஏறின. வண்ணக்கரும் மரைக்காயரும் இவ்வாறு சட்டத்தின் கண்ணில் நம்பிக்கைப் பொறுப்பாளர் ஆயினர். குடிக்குக் காட்டிய கணக்கை இனி நீதிமன்றத்துக்கும் சபைக்கும் காட்டவேண்டியதாயிற்று.

பிரதிநிதித்துவத்தின் கதை நீண்டது. 1833-இல் அமைந்த சட்டநிரூபண சபையில் குடிகளின் பெயரால் அமர்ந்தோரைத் தேசாதிபதியே நியமித்தார். அதுவும் இனவாரியாக. முஸ்லிம்களுக்கெனத் தனியிடம் 1889-இல்தான் ஏற்பட்டது. 1931-இல் டொனமூர் யாப்பு, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை அளித்தது. ஆசியாவில் இது முன்னோடியான செயல். கோயிலிலும் பள்ளியிலும் இருக்கை பெறாத பெண், வாக்குச்சாவடியில் மாமனுக்குச் சமமாக நின்றாள். வடக்கே நான்கு தொகுதிகள் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தன, கிழக்கு வாக்களித்தது. மட்டக்களப்பிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார், முஸ்லிமும் தென்னிலங்கையைச் சேர்ந்தவருமாவார். போக்குவரத்து, மராமத்து அமைச்சராகவும் பணியாற்றினார். டொனமூர் ஆட்சிமுறை பிரித்தானிய மந்திரிசபை முறையைப் பின்பற்றவில்லை. அங்கத்தினர் அனைவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரை அமைச்சராக்கிற்று. கட்சியாட்சிக்கு இடமில்லை என்று அதனைப் பழித்தோர் மிகப் பலர். எதிர்க்கட்சி என்று ஒரு சாராரை ஆட்சிக்குப் புறத்தே நிறுத்தாத அம்முறை, சிறுபான்மையினருக்கு ஓரளவு இடந்தந்தது என்பதைப் பிற்காலத்து அனுபவத்தின் பின்னரே பலர் நினைவுகூர்ந்தனர்.

1947-இன் பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்புத் தொகுதியில் அகமது லெப்பை சின்னலெப்பை வென்றார், 1956-இல் செ. இராசதுரை வென்றார். ஓர் இடத்துக்கு ஒருவர் என்னும் முறையில் தமிழர் வென்றால் முஸ்லிம்களுக்கும், முஸ்லிம் வென்றால் தமிழர்க்கும் குரலில்லை என்னும் குறை எழுந்தது. ஆதலால் 1960 முதல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டது. வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்குகள். கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர் என்று வைத்த பழைய அறிவோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் குடிமுறையில் இடம் உரிமையாய் வந்தது. இரட்டைத் தொகுதியிலோ எண்ணிக்கையைப் பொறுத்தே வந்தது. 1970-இல் இரண்டு இடங்களும் தமிழருக்கே சென்றமை அதன் வரம்பைக் காட்டிற்று. 1978-இன் யாப்பு தொகுதிகளை நீக்கி, மாவட்ட அளவில் விகிதாசாரத்தைக் கொணர்ந்தது. அவ்வியாப்பே நிறைவேற்றதிகாரம் முழுவதையும் தெரிவான ஒரு தலைவரிடம் குவித்தது. பலர் வாக்களித்து ஒருவரை அமர்த்தும் இம்முறை, பலராட்சியின் பெயரால் நடக்கும் ஒருவர் ஆட்சி என்று அதனைக் குறைகூறுவோர் சொல்வதில் உண்மையில்லாமலில்லை.

ஆட்சி எத்தகையது என்னும் வினாவுக்கு அடியில், ஆட்சி உண்டா என்னும் வினா கிடக்கின்றது. 1990-இல் இக்கரை மக்கள் அவ்வினாவைச் சந்தித்தனர். அவ்வாண்டு மார்ச்சில் இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு இலங்கையை விட்டு நீங்கியது. ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்தன. சரணடைந்தோருள் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3-ஆம் நாள் இரவுத் தொழுகை நேரத்தில் காத்தான்குடியின் மீரா ஜும்மாப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் புலிகளின் ஆயுததாரிகள் சுட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவர் உட்பட, தொழுத நிலையிலேயே மாண்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் அவ்வாறே கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5-ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் 158 பேரை அரசாங்கப் படையினர் கொண்டுசென்றனர்; அவர்கள் மீளவில்லை. செப்டெம்பர் 9-ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் தமிழ்ப் பொதுமக்கள் 180-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1990-களில் நியமிக்கப்பட்ட அரசாங்க விசாரணை ஆணைக்குழு படையினரைச் சுட்டும் வலுவான சாட்சியங்களைப் பெற்றது.

படை, அதிகாரம், வரி, தண்டனை ஆகியவை அந்நாட்களில் இக்கரையில் இல்லாமற் போகவில்லை. அவற்றை மிகுதியாகவே பலர் வைத்திருந்தனர். துப்பாக்கியேந்திய ஒவ்வொரு சாராரும் தம்மை அரசென்றோ அரசாகப் போவதென்றோ சொல்லிக்கொண்டனர். குடிகளின் உயிருக்குக் கணக்குக் காட்டுவார் மட்டும் இலர். வள்ளுவர் வகுத்த உறுப்புகளுள் படை நின்றது, குடி அழிந்தது. படைவலியே அரசு என்று பாடநூலில் எழுதும் மாணவனுக்கு அவ்வாண்டின் இரு மாதங்களை எடுத்துக்காட்டுவது தவறாகாது. காத்தான்குடிப் பள்ளிச் சுவரில் குண்டுபட்ட துளைகள் இன்றும் காட்டப்படுகின்றன. சத்துருக்கொண்டானில் நினைவுத்தூண் ஒன்று நிற்கின்றது. இரண்டையும் ஒரே நாளில் சென்று பார்க்கக்கூடிய தூரமே இடையில் உள்ளது, பார்த்தவர்கள் அரிதே.

அத்தகைய காலத்திலும் ஊரின் சிறு ஆட்சி நின்றுவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. இறந்தாரை அடக்குவது, அகதிக்குச் சோறிடுவது, அயலூர்த் தலைவரோடு தூது பேசுவது ஆகியவற்றைப் பள்ளிவாசற் பொறுப்பாளரும் கோயிற் பொறுப்பாளருமே செய்தனர். காத்தான்குடியில் பள்ளிவாசல்களும் முஸ்லிம் நிறுவனங்களும் சேர்ந்த சம்மேளனம் இன்றும் ஊரின் பொதுக்குரலாக விளங்குகின்றது. குடிவாரியான மரைக்காயர் முறை பல ஊர்களில் தளர்ந்தபின்னும் அதன் வேலை வேறு பெயரில் தொடர்வதை இதிற் காணலாம்.

உள்ளூராட்சியின் சட்டவழி வரலாறு இதனின் வேறானது. 1871-இன் கிராமச் சபைச் சட்டத்தில் தொடங்கி, பட்டினசபை, நகரசபை என வளர்ந்த அமைப்புகளுள் கிராமசபைகளும் பட்டினசபைகளும் 1981-இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு இடம்விட்டு மறைந்தன. 1987-இன் சட்டம் பிரதேச சபைகளை ஏற்படுத்திற்று. அவ்வாண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. கிழக்கு மாகாணம் வடக்கோடு இணைக்கப்பட்டு, 2006-இன் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து, 2008-இலும் 2012-இலும் தன் சபையைத் தெரிந்தது. 2017-இல் அச்சபையின் காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநரே மாகாணத்தை நடத்தினார்.

கீழ்ப்படியிலும் அதே நிலை வந்தது. 2023 மார்ச் 19-ஆம் நாளோடு காத்தான்குடி நகரசபை உட்பட இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. பணமில்லை என்னும் காரணத்தால் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாறு நடத்தாது விட்டமை மக்களின் அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்த்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மன்றங்களை உத்தியோகத்தர் நடத்தினர். தெருக்குப்பை அள்ளப்பட்டது, சோலைவரி அறவிடப்பட்டது, விளக்குகள் எரிந்தன. மன்றத்தின் வரவுசெலவை எழுந்து வினவும் இருக்கைகள் மட்டும் வெறுமையாய்க் கிடந்தன. உத்தரமேரூர்ச் சபையார் இதனைக் கேட்டிருப்பின், வாரியம் இல்லாத ஊரில் கணக்கை யார் கேட்டார் என்றே முதலில் வினவியிருப்பர். 2025 மே 6-ஆம் நாள் தேர்தல் நடைபெற்றது. எழுவான்கரை ஊர்களில், தம் பெயரில் வீடுடைய பெண்களும் அவ்வீடுகளுக்கு மணமகனாய் வந்த ஆண்களும் அன்று வாக்களித்து, வெறுமையாய்க் கிடந்த அவ்விருக்கைகளை நிரப்பினர்.